கைப்பக்குவம் கணினிக்குப் போகும்போது

பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் இரவுப் பணி பார்த்தேன். இன்டர்நெட் வரவில்லை என்று போன் செய்பவர்களுக்கு வழி சொல்வது எங்கள் வேலை. முதலில் என்ன கேட்க வேண்டும் என்று பயிற்சிக் கையேட்டில் அச்சிட்டே கொடுத்திருந்தார்கள்: "மோடத்தை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தீர்களா?" ஏறக்குறைய எல்லோரும் "பார்த்தாயிற்று" என்பார்கள். பலர் பார்த்திருக்க மாட்டார்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. எரிச்சலில் அப்படி வாயில் வந்துவிடும். மீண்டும் அணைக்கச் சொன்னால் கோபம்தான் ஏறும்.

என் பக்கத்து இருக்கை அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். "சார், மோடத்துக்குப் பின்னால் கறுப்பு வயர் ஒன்று செருகியிருக்கும். அதைக் கழற்றி, முனையில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். லேசாக ஊதிவிட்டு மறுபடி செருகிவிடுங்கள்" என்பார். தூசி வெறும் சாக்கு. வயரைக் கழற்றினால் மோடம் அணைந்துவிடும், செருகினால் மீண்டும் உயிர் பெறும். யாருடைய பேச்சையும் சந்தேகிக்காமல் காரியம் முடிந்துவிடும். நான் இருபது நிமிடம் போராடும் அழைப்பை அவர் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்.

இப்படி நூறு நுணுக்கங்கள் அவரிடம் இருந்தன. ஒன்றுகூடக் கையேட்டில் கிடையாது. சமையலறையில் இதைக் கைப்பக்குவம் என்போம். அளவையெல்லாம் எழுதிக் கொடுத்தாலும் வராது. பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் வரும். தையற்கடையிலும் பட்டறையிலும் மருத்துவமனையிலும் பத்திரிகை அலுவலகத்திலும் இதே கதைதான். செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ, வேலை உலகத்தில் என்ன மாற்றுகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கைப்பக்குவத்திலிருந்துதான் தொடங்குவேன். இத்தனை காலம் ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த ஒன்று, இப்போது கணினிக்குள் புகுந்து, முகம் தெரியாத யாரோ ஒருவரின் திரையில் வந்து நிற்கிறது.

விதியும் எடுத்துக்காட்டும்

பழைய கணினி நிரல்கள் கையேட்டைப் போன்றவை. கணக்கில் 500 ரூபாய் இருந்தால் 600 ரூபாய் எடுக்க அனுமதிக்காதே. பின் நம்பர் மூன்று முறை தவறினால் கார்டை முடக்கு. ஒவ்வொரு விதியையும் ஒரு மனிதர் யோசித்து எழுத வேண்டும். அக்காவின் தூசித் தந்திரத்தை விதியாக எழுதச் சொன்னால் அக்காவாலேயே முடியாது. எந்தக் குரலைக் கேட்டதும் அதைச் சொல்வார், எந்தக் குரலுக்குச் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போவார் என்பது அவருக்கே விளக்கத் தெரியாது.

இன்றைய ஏஐ விதிகளை எதிர்பார்ப்பதில்லை. எடுத்துக்காட்டுகளை எதிர்பார்க்கிறது. "பழம் நழுவிப் பாலில்" என்று நான் நிறுத்தினால் "விழுந்தது" என்று நீங்கள் முடித்துவிடுவீர்கள். யாரும் இலக்கண விதி சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டுப் பதிந்தது. மொழி மாடல்கள் எனப்படும் ஏஐ வகையைப் பழக்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். மலைபோல் குவிந்த எழுத்தைக் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் அடுத்து வரும் சொல்லை மறைத்து, ஊகிக்கச் சொல்கிறார்கள். ஊகம் தவறினால் உள்ளே இருக்கும் எண்கள் இம்மியளவு திருத்தப்படுகின்றன. 2020இல் வெளியான ஜிபிடி-3 மாடலில் அத்தகைய எண்கள் 17,500 கோடி. கோடானுகோடி முறை ஊகித்துத் திருத்திக்கொண்ட பிறகு, அடுத்த சொல் மட்டுமல்லாமல் அடுத்த பத்தி, அடுத்த பதில் எல்லாமே பொருத்தமாக வரத் தொடங்குகின்றன. வாக்கியத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு உறவுடையது என்று ஒரே நேரத்தில் எடைபோடும் டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பை கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். இன்றைய மாடல்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தபோதுதான் உலகம் நிமிர்ந்து பார்த்தது.

இதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. பொருத்தமாக ஒலிப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. தெரிந்ததைச் சொல்லும் அதே சரளத்துடன் தெரியாததையும் இது சொல்லும். குரல் தடுமாறாது. ஒரு மனிதர் புளுகினால் கண்ணில் தெரியும் என்பார்களே, அந்தக் கண் இதற்கு இல்லை. புதிதாகப் பயன்படுத்துபவர்கள் முதல் நாளே மனதில் இருத்த வேண்டியது இது.

தமிழில் எழுதுபவர்கள் கூடுதலாக ஒன்று அறிந்திருப்பது நல்லது. இந்த மாடல்கள் சொற்களைச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. ஆங்கில எழுத்தே மிகுதியாகக் கொடுத்துப் பழக்கியதால், அதே செய்தி தமிழில் பெரும்பாலும் அதிகத் துண்டுகளாகிறது. துண்டு கூடினால் நேரமும் கட்டணமும் கூடும். நிலைமை மேம்பட்டு வருகிறது என்றாலும், நம் மொழியில் தொழில் நடத்துபவர்களுக்கு இது கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி.

5,179 பேர்

ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சி ரேமண்ட் ஆகிய மூவரும் 2023இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். படித்தபோது எனக்கு அந்த இரவுப் பணிக் கூடமே கண்முன் வந்தது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு பெரிய நிறுவனம். சாட் மூலம் வாடிக்கையாளர்களுக்கு உதவும் 5,179 ஊழியர்களின் வேலையை ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஊழியர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸில் இருந்தவர்கள்.

அங்கே ஏஐ வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசவில்லை. பழைய உரையாடல்களையெல்லாம் அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் எவை திறமைசாலிகள் என்று பெயரெடுத்தவர்களுடையவை என்ற குறிப்பும் இருந்தது. வாடிக்கையாளர் சிக்கலை எழுதியதும், "இப்படிப் பதில் சொல்லலாம்" என்று ஊழியரின் திரையில் ஒரு யோசனை வரும். ஏற்பதும் விடுவதும் ஊழியர் விருப்பம்.

ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட சிக்கல்களின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது. சராசரியோடு நின்றால் கதை புரியாது. புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் தடுமாறிக்கொண்டிருந்தவர்களிடமும் அந்த உயர்வு 34 சதவீதம். பழுத்த அனுபவம் உள்ளவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. ஏஐயோடு வேலை செய்த, சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒருவர், அது இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு இணையாக இருந்தார். வாடிக்கையாளர்களின் பேச்சில் கடுமை குறைந்தது. "உங்கள் மேலாளரைக் கூப்பிடுங்கள்" என்று கேட்பதும் குறைந்தது. வேலையை விட்டு ஓடுவோர் எண்ணிக்கையும், குறிப்பாகப் புதியவர்களிடையே, குறைந்தது. அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், திட்டு வாங்காத ஓர் இரவு எவ்வளவு பெரிய வரம் என்று.

இன்னொரு நுட்பமான செய்தியும் அதில் உண்டு. எப்போதாவது ஏஐ பழுதாகித் திரை வெறுமையாகும் நேரங்களிலும், அதனுடன் பழகியிருந்தவர்கள் முன்பைவிடச் சிறப்பாகவே வேலை செய்தார்கள். ஊன்றுகோலாக மட்டும் இருந்திருந்தால் அது போனதும் விழுந்திருப்பார்கள். ஓரளவுக்கு உண்மையிலேயே கற்றிருக்கிறார்கள்.

நடந்தது என்ன? அக்காக்களின் கைப்பக்குவம் அந்த உரையாடல்களில் படிந்திருந்தது. மாடல் அதை உறிஞ்சிக்கொண்டு புதுப் பிள்ளைகளுக்குப் பரிமாறியது. எனக்கு இதில் முழு மகிழ்ச்சியும் உண்டு, முழு உறுத்தலும் உண்டு. முதல் மாதத்தில் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இப்படி ஒரு துணை கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அந்தத் துணை யாருடைய திறமையால் ஆனதோ அவர்களுக்கு அதனால் கிடைத்தது மிகக் குறைவு. தாங்கள் தட்டச்சு செய்த பதில்கள் ஒரு மாடலுக்குப் பாடமாகும் என்று நினைத்தா எழுதியிருப்பார்கள்? அவர்களுக்கு ஈடாக என்ன தர வேண்டும் என்ற கேள்வியை ஆய்வாளர்களும் எழுப்புகிறார்கள். நிறுவனங்கள் அதை இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

மூட்டையைப் பிரித்துப் பார்த்தால்

"ஏஐ என் வேலையைப் பறிக்குமா?" என்று கேட்கும்போது வேலையை ஒரே பொருளாக நினைத்துக்கொள்கிறோம். எந்த வேலையும் பல பணிகளைக் கட்டிய ஒரு மூட்டை. ஜெஃப்ரி ஹின்டன் ஏஐ துறையின் பெரிய முன்னோடி, 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் 2016இல், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்றார். படம் பார்ப்பதில் கணினி உண்மையாகவே கெட்டிக்காரனாகிவிட்டது. ஆனாலும் அந்த மருத்துவர்களுக்கான தேவை குறையவில்லை. எந்தப் பரிசோதனை தேவை என்று முடிவெடுப்பது, பழைய படத்தோடும் நோயாளியின் வரலாற்றோடும் ஒப்பிடுவது, அறுவை மருத்துவரோடு பேசுவது, கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பது எல்லாம் அதே மூட்டையில் இருந்தன. அவரைப் போன்ற மேதையின் கணிப்பே பிசகிய இடம் இது என்பதால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை வேலை போகும் என்று துல்லியமாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

நிறுவனங்கள் மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிக் கொடுக்கப் பார்க்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஸ்வீடனின் கிளார்னா நல்ல எடுத்துக்காட்டு. தவணைக் கட்டணச் சேவை நடத்தும் நிறுவனம் அது. 2024 பிப்ரவரியில், தன் ஏஐ உதவியாளர் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டது, 700 முழுநேர ஊழியர்களின் வேலைக்கு அது சமம், 11 நிமிடம் பிடித்த சிக்கல்கள் 2 நிமிடத்துக்குள் தீர்கின்றன என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே அதன் தலைவர் செபாஸ்டியன் சிமியாட்கோவ்ஸ்கி, செலவைக் குறைப்பதிலேயே கண்ணாக இருந்ததில் தரம் குறைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். விரும்பும் வாடிக்கையாளர் எப்போதும் ஒரு மனிதரிடம் பேச முடிய வேண்டும் என்று மீண்டும் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். ஏஐ அங்கிருந்து போய்விடவில்லை, எளிய கேள்விகளை இன்னும் அதுதான் பார்க்கிறது. பணம் சிக்கிக்கொண்ட பதற்றத்தில் வருபவருக்கு மனிதக் குரல் வேண்டும் என்பதைக் கண்டுகொள்ள அவர்களுக்கு ஓராண்டு பிடித்தது.

ஏர் கனடா கற்ற பாடம் வேறு வகை. பாட்டி இறந்த துக்கத்தில் டிக்கெட் எடுக்க வந்த ஒரு பயணியிடம், துக்கக் காலச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் விண்ணப்பித்துப் பெறலாம் என்று அந்த விமான நிறுவனத்தின் இணையதளச் சாட்பாட் சொல்லிவிட்டது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. பணம் தர மறுத்தார்கள். வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பது போல நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, இணையதளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சிறியது. ஆனால் கடையில் பையன் சொன்ன விலைக்கு முதலாளி கட்டுப்படுவதுபோல, ஏஐ சொன்ன சொல்லுக்கு அதை அமர்த்தியவர் கட்டுப்பட வேண்டும் என்பது எழுத்தில் வந்துவிட்டது.

எல்லா நிறுவனமும் ஏஐ வாங்குகிறது, லாபம் ஏன் உடனே துள்ளவில்லை? இதற்கு விடை மின்சாரத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1882இல் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட்டில் எடிசன் மின்நிலையம் திறந்தார். அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித் திறன் பெரும் பாய்ச்சல் கண்டது 1920களில். நடுவில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்! பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1990இல் இதை அருமையாக விளக்கினார். பழைய ஆலையில் ஒரே பெரிய நீராவி எந்திரம். அதிலிருந்து கூரையோரம் ஓடும் நீண்ட இரும்புத் தண்டு. தண்டிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தோல் பட்டை. தண்டின் ஓரமாகத்தான் இயந்திரங்கள் நிற்க முடியும். மின்சாரம் வந்ததும் நீராவி எந்திரம் இருந்த இடத்தில் பெரிய மோட்டாரை வைத்துவிட்டு, தண்டையும் பட்டையையும் அப்படியே ஓட்டினார்கள். கொஞ்சம் மிச்சமானது, அவ்வளவுதான். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனிச் சிறு மோட்டார் வந்து, பொருள் செய்யப்படும் வரிசைக்கு ஏற்ப ஆலையையே மாற்றி அமைத்த தலைமுறை வந்த பிறகுதான் பலன் கொட்டியது. இன்று பழைய படிவங்கள், பழைய ஒப்புதல் படிகள், பழைய கூட்டங்கள் அத்தனையும் வைத்துக்கொண்டு மேலே ஒரு சாட் பெட்டியை ஒட்டும் அலுவலகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரும்புத் தண்டுதான் நினைவுக்கு வருகிறது.

புதுமை எங்கிருந்து வருகிறது

ஏஐயால் நடந்த கண்டுபிடிப்புகளில் மிகப் பெரியதாக நான் மதிப்பது ஆல்ஃபாஃபோல்டு. நம் உடலின் பெரும்பாலான வேலைகளைச் செய்பவை புரதங்கள். அமினோ அமிலங்கள் கோத்த சரம் குறிப்பிட்ட வடிவில் மடிந்தால்தான் புரதம் வேலை செய்யும். மடிந்த வடிவத்தைச் சோதனைச்சாலையில் கண்டுபிடிக்கச் சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும். கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஏஐயான ஆல்ஃபாஃபோல்டு, சரத்தைப் பார்த்து வடிவத்தைக் கணித்து 2020இல் உலகப் போட்டி ஒன்றில் அசத்தியது. 2022இல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்புகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதன் பின்னால் இருந்த டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கரோடு, 2024இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதிலும் கைப்பக்குவம் உண்டு. ஆல்ஃபாஃபோல்டு படித்த பாடம் 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கி. உலகெங்கும் ஆய்வாளர்கள் படிகம் வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சி, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த வடிவங்களை அரை நூற்றாண்டாக அதில் சேர்த்துவந்தார்கள். அவர்கள் பதுக்கிவைத்திருந்தால் ஆல்ஃபாஃபோல்டு பிறந்திருக்காது. சேவை மையக் கதைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு: இங்கே கொடுத்தவர்கள் தெரிந்தே, பொதுவுக்கென்றே கொடுத்தார்கள், விளைச்சலும் பொதுவுக்கே திரும்பியது. புதுமை வேண்டும் என்று ஏஐயைத் தேடிப் போகும் நிறுவனம், கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த மாடல் வாங்கலாம் என்பதல்ல. ஒழுங்காகச் சேர்த்துவைத்த எந்த அனுபவம் நம்மிடம் இருக்கிறது என்பதுதான்.

பக்கத்து இருக்கை

அலுவலகப் பழக்கவழக்கம்தான் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. முதலில், ஏஐ எல்லோரையும் வேகமாக்கும் என்பதே உறுதியில்லை. 2025இல் மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு, தங்கள் நிரல்தொகுப்பை ஆண்டுக்கணக்கில் அறிந்த 16 தேர்ந்த மென்பொருளாளர்களிடம் 246 பணிகளைக் கொடுத்துப் பார்த்தது. சில பணிகளில் ஏஐ பயன்படுத்தலாம், சிலவற்றில் கூடாது. ஏஐ பயன்படுத்திய பணிகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. முடிந்த பிறகு கேட்டபோது, ஏஐயால் 20 சதவீதம் நேரம் மிச்சமானதாக அவர்கள் நம்பினார்கள்! சிறிய ஆய்வுதான், கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் கைப்பக்குவம் வந்துவிட்டவருக்கு, அடுத்தவர் சமைத்ததை ருசி பார்த்துத் திருத்துவதற்குள் தானே சமைத்துவிடலாம் என்று தோன்றும் அல்லவா, அதுதான் இது. வேகமாகப் போகிறோம் என்ற உணர்வை நம்பாமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, கற்பவர்கள். புதியவர்களுக்குத் தரும் சில்லறை வேலைகள், அதாவது கூட்டக் குறிப்பு எழுதுவது, முதல் வரைவு போடுவது, சின்னப் பிழை திருத்துவது, இவற்றைத்தான் ஏஐ முதலில் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சில்லறை வேலைகளைச் செய்துகொண்டேதான் நாங்கள் பெரிய வேலை கற்றோம். அவை இல்லாமல் போனால் பத்து ஆண்டுகள் கழித்து அக்காக்கள் எங்கிருந்து வருவார்கள்? மாடலுக்குப் பாடம் கொடுக்கவாவது அவர்கள் வேண்டுமே.

தொழிலாளர்கள் இதில் பேரம் பேச முடியும் என்பதை ஹாலிவுட் எழுத்தாளர்கள் காட்டினார்கள். 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம். முடிவில் வந்த ஒப்பந்தப்படி, ஏஐ எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் கொள்ள முடியாது. ஏஐயைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று எழுத்தாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. எழுத்தாளரிடம் தரும் பொருளில் ஏஐ உருவாக்கியது இருந்தால் நிறுவனம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏஐ வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எப்போது, யார் முடிவின்படி என்பதை எழுதி வாங்கினார்கள்.

ஏஐ உங்கள் அலுவலகத்துக்குள் இப்போதுதான் நுழைகிறது என்றால், ஒரு வாரம் செய்யும் பணிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். தவறினால் எளிதில் தெரிந்துவிடும் பணிகள் ஒரு பக்கம். தவறினாலும் நெடுநாள் தெரியாமல் கிடந்து, பிறகு ஒருவரின் பணத்தையோ உடல்நலத்தையோ பாதிக்கும் பணிகள் மறுபக்கம். முதல் பக்கத்தை ஏஐயிடம் கொடுத்துப் பழகலாம். இரண்டாம் பக்கத்தில் யார் சரிபார்ப்பது, யார் கையெழுத்திடுவது என்று பெயர் எழுதாமல் தொடங்காதீர்கள்.

உங்களிடம் புதியவர்கள் வேலை கற்கிறார்கள் என்றால் இன்னொன்றும் செய்யலாம். திரையில் வரும் யோசனையை உடனே திறக்காமல், முதலில் தம் பதிலை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு ஏஐ சொன்னதோடு ஒப்பிடட்டும். வேறுபட்டால் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கட்டும். அப்படிக் கேட்டால், வயரைக் கழற்றி ஊதச் சொல்வது தூசிக்காக அல்ல என்பதை அவர் விளக்கிச் சொல்வார்.